ஏழு சதவீதம் சார்ஜும் ஒரு பழைய லைப்ரரியும்

பெரிய ப்ரோகிராம் எதையாவது கம்பைல் செய்யும்போது லேப்டாப்பின் அடிப்பக்கம் கொதிக்கும். மடியில் வைத்த தலையணையிலிருந்து, அப்போதுதான் இஸ்திரி போட்ட துணியின் வாசனை வரும்.

இப்போதும் அதே லேப்டாப், அதே வாசனை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை நான் இதைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தட்டுகிறேன். அம்மா எழுந்தால் தொலைந்தேன். ஆனாலும் இன்று இதை உங்களிடம் சொல்லாமல் தூக்கம் வராது...

அப்போது நான் எட்டாம் வகுப்பு. மராத்தி பேசும் ஊரான ஆகுர்டியில் இதே வீடு. அப்பாவுக்கு வண்டி கம்பெனியில் ஷிஃப்ட். நான் பிறந்தபோது வேலையை விட்ட அம்மா, மறுபடி வேலைக்குப் போக ஆன்லைனில் ஒரு கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தார். கடைசி ப்ராஜெக்டை அந்த வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் இன்டர்வியூ. அந்த ப்ராஜெக்ட் இந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது.

எனக்கோ வேறு கிறுக்கு. வானத்து நட்சத்திரங்களைக் காட்டும் ஓப்பன் சோர்ஸ் ப்ரோகிராம் ஒன்றை, எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் அதன் மூல வரிகளிலிருந்து நானே கம்பைல் செய்து ஓடவைக்க வேண்டும். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் பத்து நட்சத்திரம் தெரியும், அவ்வளவுதான்.

மூன்று நாளாக எரர். ஒரு லைப்ரரி, அதாவது பல ப்ரோகிராம்கள் பொதுவாக நம்பியிருக்கும் ஃபைல், பழைய வெர்ஷன் என்றது. புதியதைப் போட்டால் அது இன்னொன்றோடு ஒத்துப்போகாது. கடைசியில் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் லைப்ரரியே பழசு என்று வந்து நின்றது.

எங்கள் வீட்டில் புது குக்கர் வாங்கினாலும் பழைய குக்கர் பரணுக்குப் போகுமே தவிர குப்பைக்குப் போகாது. நானும் அப்படியே செய்தேன். பழைய ஃபைலை அழிக்கவில்லை. பெயரை மட்டும் மாற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, புதியதை அந்த இடத்தில் வைக்கலாம் என்று அடுத்த வரியைத் தட்டினேன்.

லைப்ரரி கிடைக்கவில்லை என்று பதில் வந்தது.

ஃபைல்களைக் காட்டச் சொன்னேன். அதே பதில். சரி, இன்று என்ன தேதி என்றாவது சொல் என்றேன். அதற்கும் அதே பதில்.

அம்மாவின் ப்ராஜெக்டும் இதற்குள்தானே என்று பயந்தேன். ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலும் ஒரு பிரமிப்பு. தேதி சொல்ல, நகலெடுக்க, பெயர் மாற்ற... எல்லாமே அந்த ஒரே ஃபைலை நம்பித்தான் இத்தனை நாள் நின்றிருக்கின்றனவா!

அப்போது பார்த்து மின்விசிறி நின்றது. வியாழக்கிழமைதோறும் லைன் வேலை என்று கரண்டை நிறுத்துவார்கள். "லைட் கேலி!" என்று, கரண்ட் போய்விட்டதாகப் படிக்கட்டு முழுக்க மராத்தியில் குரல்கள். பேட்டரி பதினான்கு சதவீதம்.

அம்மா எட்டிப் பார்த்தார். "ஏன் கண்ணு, இன்னும் அதையே முறைச்சுட்டு இருக்கற? ஆஃப் பண்ணி வை. கரண்ட் வந்ததும் எனக்கு வேணும்."

"அஞ்சு நிமிசம்மா."

"உன்ற அஞ்சு நிமிசம் எனக்குத் தெரியாதாக்கும்."

அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். அந்த ப்ரோகிராமை உருவாக்குகிறவர்களின் சாட் ரூமில் நடந்ததைக் கொட்டினேன். முகம் தெரியாத ஒருவர் உடனே கேட்டார்: கமாண்டு தட்டும் விண்டோவை மூடிவிட்டாயா? இல்லை என்றேன். மூடாதே, ரீஸ்டார்ட் செய்யாதே. பழைய ஃபைலை அழித்தாயா? இல்லை, பெயரைத்தான் மாற்றினேன்.

அப்படியானால் பிழைத்தாய் என்றார்.

அந்த விண்டோ முன்பே திறந்திருந்ததால் லைப்ரரியை அப்போதே மெமரிக்குள் எடுத்துக்கொண்டுவிட்டதாம். புதிதாக ஓடுகிறவைதான் தேடித் தவிக்கின்றன. அதனால், பெயர் மாற்றும் கமாண்டுக்கு மட்டும் பழைய ஃபைல் இருக்கும் இடத்தை நாமே கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். ஒரே ஒரு நீளமான வரி.

போனைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டினேன். ஒரு புள்ளி விட்டுப்போய் மறுபடி தட்டினேன். ஏழு சதவீதம். என்டர்.

எதுவும் வரவில்லை. எரர்கூட வரவில்லை! தேதி கேட்டேன். வியாழக்கிழமை என்றது.

நன்றி சொல்லி, எந்த ஊர் என்று கேட்டேன். பிரேசில், இங்கே இப்போதுதான் விடிகிறது, பஸ் வந்துவிட்டது என்று பதில் வந்தது. அவ்வளவுதான். பெயர்கூடத் தெரியாது.

நாலரைக்குக் கரண்ட் வந்தது. நாலே முக்காலுக்கு அம்மா ப்ராஜெக்டை அனுப்பினார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது அம்மா தினமும் ஆபீஸ் அனுப்பும் கேப் காரில் ஹிஞ்சேவாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறார். இன்று இரவு சாப்பிடும்போது ஆபீஸ் கதை சொன்னார். "நேத்து சேந்த புள்ளைங்க. டெஸ்ட் சர்வர்ல பழைய லைப்ரரிக்குப் பேர மாத்தி வச்சுட்டு அழுதுட்டு நிக்குது. விண்டோவ மூடாத சாமி, ரீஸ்டார்ட் பண்ணாதன்னு சொல்லி ஒரே லைன்ல சரி பண்ணிக் குடுத்தேன்."

"அதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

அம்மா என் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே, "நம்ம பழைய லேப்டாப்புல மேல் அம்புக்குறிய அழுத்திட்டே போனா வருமுங்க" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

தட்டிய வரிகளையெல்லாம் கம்ப்யூட்டர் வரிசையாக ஞாபகம் வைத்திருக்கும், அந்தக் குறியை அழுத்தினால் ஒவ்வொன்றாகக் காட்டும். எனக்கு அது அன்றே தெரிந்திருக்க வேண்டும். சற்றுமுன் அழுத்திப் பார்த்தேன். இருக்கிறது. புள்ளி விட்டுப்போன வரியும், அதற்கடுத்து சரியான வரியும்.

நாலு வருஷமாக நான் மறைத்ததை, நாலு வருஷமாக அம்மாவும் மறைத்திருக்கிறார்.

இப்போதெல்லாம் பல ப்ரோகிராம்கள் தங்களுக்கு வேண்டிய லைப்ரரியைத் தாங்களே கட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. அந்த நட்சத்திர ப்ரோகிராம்கூடப் போனில் ஒரு தட்டில் இறங்கிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது... ஆனால் எதன்மேல் எது நிற்கிறது என்று பார்த்து வாயடைத்து நின்ற அந்த மதியம் அதில் இல்லை.

இந்தப் பேட்டரியும் செத்துவிட்டது. அன்று ஏழு சதவீதத்தில் தாங்கியது, இன்று சார்ஜர் வயர் லேசாக விலகினாலே அணைந்துவிடும். காலையில் கேபுக்கு ஓடும்முன் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி, காலைக்கூட நீட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன்.