பாறை வாங்கப் பெட்டி கொண்டுபோனவள்

இப்போதெல்லாம் எங்கள் ஊருக்கு மீன் பைக்கில் வருகிறது. நான் பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போதே மீன்காரர் ஐஸ் பெட்டியோடு வந்து கத்துவார்: "பாறே... பாறேய்..." எனக்குச் சிரிப்பு வந்து, வாயில் இருக்கும் பல்பொடித் தண்ணீர் பாதி உள்ளே போய்விடும். ஏன் சிரிப்பு என்று கேளுங்கள், சொல்கிறேன்.

நான் பிறப்பில் பாம்பன்காரி. எங்கள் கரையில் பாறை என்றால் மீன்தான். வெள்ளியாய் மின்னும், குழம்பு வைத்தால் தெருவே மோப்பம் பிடிக்கும். கல்லுக்குக் கல் என்றுதான் பெயர். வேறொரு பாறை உலகத்தில் உண்டென்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். சொன்ன அன்றைக்கு நான் நண்டு பிடிக்கப் போயிருப்பேன்.

என் வீட்டுக்காரர் கமுதிக்கும் மேற்கே. வத்தல் மூடையோடு ரயிலில் பாம்பன் வருவார், கருவாட்டு மூடையோடு திரும்புவார். ஒரு தடவை கருவாட்டோடு என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். மாதா கோயிலில் தாலி கட்டித்தான். நீங்கள் வேறு மாதிரி நினைக்க வேண்டாம். அப்போது வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஊரில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணுக்கெட்டியவரை மிளகாய்ச் செடி. காற்றடித்தால் தும்மல். படுத்தால் அலைச் சத்தம் இல்லாமல் காது ஙொய் என்கிறது. வாசலுக்குப் போவேன், வருவேன், மறுபடி போவேன். "இவ என்னடா முட்டையிட எடந்தேடுற கோழியாட்டம் அலையிறா?" என்பார் மாமியார். ஒருநாள் சாயங்காலம் சேலைகளை மூட்டை கட்டிவிட்டேன்.

"காலைல மொத பஸ்சுல எங்க அய்யா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

மாமியார் மகனிடம் சொன்னார்: "போறவ போகட்டும். அதுக்கு முன்ன விடியக்காலம் பாறைக்குக் கூட்டிட்டுப் போடா."

எனக்கு எச்சில் ஊறியது. போகிறவளுக்கு மீன் வாங்கித் தந்து அனுப்புகிறார்களே, இந்த அம்மாவை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று கண்கூடக் கலங்கியது. கருக்கலில் ஓலைப்பெட்டியை எடுத்தேன். ஊருக்குப் போகும்வரை மீன் கெடக்கூடாதே என்று கொஞ்சம் உப்பும் போட்டுக்கொண்டேன்.

உடைமரக் காட்டைத் தாண்டினால், படுத்துக்கிடக்கும் யானைபோல் ஒரு மொட்டைக்கல். வீட்டுக்காரர் பாட்டுக்கு அதில் ஏறினார். மேலே சந்தை போலிருக்கிறது என்று நானும் ஏறினேன். மணலில் ஓடிப் பழகிய கால், கல்லில் வழுக்கியது. ஆட்டுப் புழுக்கை வாடைதான் வந்தது; மீன் வாடையைக் காணோம்.

"பெட்டி எதுக்குப் புள்ள?"

"பாறை வாங்கத்தான்."

நின்றார். காலுக்குக் கீழே பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "இதுக்குள்ள அடங்குமா?" என்றவர், சிரித்த சிரிப்பில் உட்கார்ந்தே விட்டார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். உப்பை அள்ளி அவர்மேல் எறிந்தேன்.

உச்சிக்குப் போனபோது கிழக்கே சிவந்துவிட்டது. வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து கடல் தெரியுமாம். அதைக் காட்டத்தான் கூட்டி வந்தாராம். பொழுது கிளம்பியது. தூரத்தில் ஒரு கோடு பளபளத்தது.

"கடலு!" என்று கத்தினேன்.

"அது கண்மாய். கடலு இன்னிக்கித் தெரியல."

"கடல்ல பொறந்தவ நான். எனக்கே சொல்றீகளா?"

"தெனம் அதுல மாடு குளிப்பாட்டுறவன் நான்."

கீழே பஸ் ஹாரன் கேட்டது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு நண்டுபோல் ஊர்ந்து வந்து நின்றது. அவர் முகம் சுண்டிவிட்டது. "பஸ்சு வந்திருச்சு. ஓடுனாப் பிடிச்சிரலாம்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"மொதல்ல அது கடலுன்னு ஒத்துக்கங்க. அப்பறம் போறேன்."

"கண்மாயப் போயி எப்படிக் கடலுங்கிறது?"

பஸ் போய்விட்டது. அது கண்மாய்தான் என்று எனக்கும் தெரியும். அலையில்லாத தண்ணீரைக் கடல் என்று நினைக்க நான் என்ன பைத்தியமா? அந்த மனுசன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. நானும் போகவில்லை.

முட்டுவலியில் நான் அந்தப் பக்கம் போயே பல வருஷம். போன மாசம் பேரன் வண்டியில் கூட்டிப்போனான். பாறையைக் காணோம். வெடி வைத்து உடைத்து, அலையைத் தடுக்கக் கடற்கரையில் கொட்ட லாரி லாரியாய் ஏற்றிவிட்டார்களாம். நான் போகாத கரைக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. இருந்த இடத்தில் பெரிய பள்ளம். மழைத் தண்ணீர் வெயிலில் பளபளத்தது.

"ஏலே, அங்கன பாரு, கடலு" என்றேன்.

"ஆமா அப்பத்தா" என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.