பாதித் தளத்தில் நின்ற உத்தரவு

கோர்ட் காகிதத்தைக் கையில் வாங்காவிட்டால் அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்றொரு நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மிகுந்த துயரத்துடன் இதை மறுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். வாங்க மறுப்பவரின் வெளிக்கதவில் ஒட்டலாம் என்று சட்டம் இடம் தந்திருக்கிறது. எண்பதுகளில் தாம்பரம் வட்டாரத்தில் பசை டப்பாவோடு சம்மன் கொடுத்துத் திரிந்தவன் நான். பதவிப்படி நான் ஜப்தி செய்யும் அமீனா அல்ல. ஆனால் கோர்ட்டிலிருந்து சைக்கிளில் வருகிற எவனும் ஊருக்கு அமீனாதான். மீட்டர் பார்ப்பவர்களே, வரி கேட்பவர்களே, பிறர் வாசலில் நின்று பிழைக்கும் சக அவஸ்தைக்காரர்களே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கதவில்லாத வீடு

இரும்புலியூரில் ஏகாம்பரம் வீடு கட்டிக்கொண்டிருந்தார். நெல் விளைந்த நிலத்தை மனைகளாக்கி விற்றவர். தனக்கென்று வைத்துக்கொண்ட மனையில் மகள் கல்யாணத்துக்குள் குடியேற வேண்டும் என்ற அவசரம். பக்கத்து மனை தானியேல் சாருடையது. ரிட்டயரான கணக்கு வாத்தியார். இடையிலிருந்த ஒரு முழச் சந்து தன்னுடையது என்று வழக்குப் போட்டிருந்தார்.

சம்மனை நீட்டியதும் ஏகாம்பரம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒட்டலாம் என்றால் வீட்டுக்குக் கதவில்லை. மஞ்சள் பூசிய வாசல் நிலை மட்டும் நின்றது. நிலையைக் கதவாகப் பாவிக்கலாமா என்று நான் சட்ட ஆராய்ச்சியில் இறங்க, மேஸ்திரி கன்னியப்பன் சாரத்திலிருந்து குனிந்து சொன்னார்: "கதவு வர்றதுக்கு நாளாவும் சார். அதுவரைக்கும் நீயே புடிச்சிகினு நில்லு."

நிலையிலேயே ஒட்டினேன்.

டீ குடிக்காத அன்று

அடுத்து இடைக்காலத் தடையுத்தரவு வந்தது. பிரதிவாதியோ அவரைச் சேர்ந்தவர்களோ மேற்கொண்டு கட்டக்கூடாது. நான் போய்ச் சேர்ந்தது தளம் போடுகிற நாள். சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியை மேலே கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்; பாதித் தளம் முடிந்திருந்தது. அங்கே நிறுத்தினால் ஒட்டு விழுந்து விரிசல் விடும், கலந்த கலவை வீணாகும். இத்தகைய நேரத்தில் எங்கள் வட்டாரத்தில் ஒரு முறை உண்டு. அமீனாவை டீக்கடையில் உட்காரவைத்து, அவர் டீ குடித்து முடிப்பதற்குள் தளத்தையும் முடித்துவிடுவார்கள். கன்னியப்பன் டீக்கு ஆள் அனுப்பியும்விட்டார். தன் வேலி ஓரமாகத் தானியேல் சார், கீழ்ப்படியாமையைப் படமெடுத்துக் கோர்ட்டில் கொடுக்க, கழுத்தில் கேமராவோடு காத்திருந்தார்.

ஏகாம்பரம் இந்தமுறை கைநீட்டி வாங்கினார். என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மேலே பார்த்து, சட்டியைக் கீழே வைக்கச் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்று கன்னியப்பன் கெஞ்சினார். அத்தனை வருஷ சர்வீசில் ஒரு உத்தரவு உடனே பலித்து நான் பார்த்ததில்லை. ஏகாம்பரம் வேலிப் பக்கம் கையைக் காட்டினார்: "நாளைக்கு எனக்கு சாதகமா தீர்ப்பு வந்தா இந்தாளு கேக்கணுமா வாணாவா? அப்போ இன்னிக்கு நான் கேட்டுத்தான் ஆவணும்."

பிரதிவாதியைச் சேராதவர்கள்

கலவை வெயிலில் இறுகத் தொடங்கியது. தானியேல் சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, உத்தரவு யார் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று கேட்டார். சொன்னேன். வழக்குப் போட்ட வாதியை? என்றார். வாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றேன். கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். பின்னாலேயே அவர் மனைவியும் இரண்டு மகன்களும் வந்தார்கள்.

பிரதிவாதியைச் சேர்ந்தவர்கள் மணல் மேட்டில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். வாயால் யோசனை சொல்வது கட்டுவதாகுமா என்று கன்னியப்பன் கேட்டார். ஆகாது என்று தீர்ப்பளித்தேன். ஏகாம்பரம் மட்டும் உட்காரவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி கடைசிச் சட்டி வரை நின்றார். உத்தரவு தரப்பட்டது, பிரதிவாதி கீழ்ப்படிந்தார் என்று கோர்ட்டுக்கு எழுதினேன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. தானியேல் சார் தலையெல்லாம் சிமெண்டோடு மேலிருந்து எட்டிப் பார்த்தார்: "கேஸ் கேஸ்தான் ஏகாம்பரம். சந்து என்னோடது, அதை நான் விடமாட்டேன்."

சந்து ஏகாம்பரத்துடையது என்று தீர்ப்பு வந்த மறுநாள் தானியேல் சார் தன் வேலியைப் பிடுங்கித் தன் பக்கமாகத் தள்ளி நட்டார். அவர் போட்ட பாதித் தளம் ஒவ்வொரு மழைக்கும் ஒழுகுகிறது.