வெள்ளையாகத் தெரிந்த படம்: கூத்தாநல்லூரிலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு ஸ்கேன் பயணம்

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மகள் நஸ்ரினுக்கு, இருபத்திரண்டு மாதம் ஆகியும் நிற்க வரவில்லை. தூக்கி நிறுத்தினால் கால்கள் கத்தரி போலப் பின்னிக்கொள்கின்றன. மூளையிலிருந்து கைகால்களுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பிழைகளுக்கு 'வெள்ளைப் பகுதி' என்று பெயராம். அதைக் காந்தச் சக்தி குறைந்த சின்ன எம்ஆர்ஐயில் படம் எடுத்து ஆராய்கிறார்கள் என்று தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை போய்வந்தோம். இதே காரணத்துக்காகக் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குக் கார். மன்னார்குடி, வடுவூர் வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். காத்திருப்பும் சேர்த்து வாடகை இரண்டாயிரத்து இருநூறு. மயக்க ஊசி கிடையாது, குழந்தை தானாகத் தூங்க வேண்டும். அதனால் வழியில் தூங்க விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். டிரைவர் செல்வம் அண்ணனுக்கு இது பிடிபடவேயில்லை.

"ஊரு உலகத்துல புள்ளயத் தூங்கவைக்கத்தான் கார்ல ஏத்துவாங்க. நீங்க என்னடான்னா..." என்றவர், வடுவூர் ஏரியோரம் ஆளில்லாத ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். கொக்குகள் எழுந்து பறந்தன. நஸ்ரின் சிரித்தாள்.

எட்டு மணிக்குச் சேர்ந்தோம். மெஷின் பீரோ அளவுதான். சக்கரம் வைத்தது, சாதாரண பிளக்கிலேயே ஓடுகிறது. பால் குடித்து ஒன்பதரைக்குத் தூங்கினாள். நாற்பது நிமிடமும் அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். கட்டணம் இல்லை.

டாக்டரம்மா திரையைத் திருப்பினார். இரண்டு பக்கமும் பளிச்சென்று வெள்ளை. எனக்கு உயிர் வந்தது.

"வெள்ளைப் பகுதி நல்லா வெள்ளையா இருக்குங்களே டாக்டர்!"

அவர் அந்த வெள்ளை மேல் விரல் வைத்துக் காட்டினார். "பேருதாம்மா வெள்ளை. இழைங்க மேல கொழுப்பு உறை ஏற ஏற, இந்தப் படத்துல அது கறுத்துடணும். இந்த வயசுல இவ்வளவு வெள்ளை இருக்கக் கூடாது."

"நடப்பாளா?"

"அதைப் படம் சொல்லாதும்மா. சின்ன மெஷின், கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும். பெரிய மெஷின்லயும் ஒருதடவை பார்க்கணும். கால் பயிற்சிய இன்னைக்கே ஆரம்பிச்சுடுங்க."

பி.எஸ்சி. படித்தவள்தான் நான். பெயரை நம்பிவிட்டேன்.

வாசலுக்கு வருவதற்குள் குவைத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், அவள் அத்தா, கூப்பிட்டுவிட்டார். "படம் எப்படி இருக்கு?"

"வெள்ளையா இருக்குங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" கூட இருந்தவர்களிடமும் அவர் சந்தோஷமாகச் சொல்வது கேட்டது. நான் திருத்தவில்லை.

போகிறவர்களுக்கு: வெறும் வயிறோடு அழைத்துப் போக வேண்டாம். பழகின போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அரைஞாண், தாயத்து, வளையலை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். எந்த நிறம் எதைச் சொல்கிறது என்று முதலிலேயே கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

அன்றிலிருந்து அவள் அத்தா தினமும் "நின்னாளா?" என்று கேட்கிறார். "இன்னும் இல்லீங்க" என்கிறேன். இந்தப் பதிவை முதலில் அவருக்குத்தான் அனுப்பப் போகிறேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.