கன்னையாவின் கண்ணும் தாமரையின் வாயும்

கிள்ளானில் துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம், தகரவேலி போட்ட ஒரு யார்டில் தாமரைக்கு வேலை. மலை குடைந்து, மண் அள்ளி, ரோடு போட்டு ஓய்ந்த இயந்திரங்கள் அங்கே வந்து நிற்கும். எக்ஸ்கவேட்டர், புல்டோசர், ரோலர் எல்லாம் கப்பலேறி வேறு நாட்டுக்குப் போகிறவை. நியூசிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போவதென்றால் பொட்டு மண் ஒட்டியிருக்கக் கூடாது. மண்ணோடு விதையும் பூச்சியும் போய்விடும் என்று அங்கே பயம். சேறு கண்ணில் பட்டால் இயந்திரத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் தாமரையும் மற்றப் பெண்களும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, பீய்ச்சியடிக்கும் தண்ணீர்க் குழாயும் இரும்புக் கம்பியுமாக, சங்கிலிப் பட்டையின் இடுக்கு இடுக்காக நோண்டுவார்கள். வீடு திரும்பும்போது அவள் காதுக்குள்ளும் செம்மண் இருக்கும்.

அவள் கழுவியதைக் கப்பலில் ஏற்றுகிறவன் அவள் கணவன் கன்னையா. அந்தக் கப்பல்கள் பின்பக்கம் வாயைத் திறந்து, ஓர் இரும்புச் சாய்தளத்தைக் கரையில் இறக்கி வைக்கும். அதன் மேல் இயந்திரத்தை ஓட்டி உள்ளே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். உள்ளே மங்கல் வெளிச்சம், டீசல் புகை. இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே ஆள் ஒருக்களித்து நுழையத்தான் இடமிருக்கும். கன்னையா எவ்வளவு பெரிய எக்ஸ்கவேட்டரையும் பூனை நடக்கிற மாதிரி ஏற்றிவிடுவான் என்று துறைமுகத்தில் பேர்.

"நீ குளிப்பாட்டி அனுப்புற, அவரு கொண்டுபோய்த் தூங்க வைக்கிறாரு. நல்ல ஜோடி லா," என்று கூட வேலை செய்யும் புஷ்பவல்லி கேலி செய்வாள். தாமரைக்கு அதில் உள்ளூர மகிழ்ச்சிதான்.

கன்னையாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. மாத்திரை போடுவான், மறப்பான், தித்திக்கத் தித்திக்கத் தேதாரேக் தேநீர் குடிப்பான். அதுவரை அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் அவனுடைய தங்கை மகளுக்குப் பரிசம் போட்ட அன்றுதான் அவள் மனதில் முதல் முள் தைத்தது. மண்டபத்தின் படியில் அவன் கால் இடறியது. வெள்ளைச் சட்டையில் எதிரே வந்தவர் தங்கை வீட்டுச் சம்பந்தி என்று தெரியாமல் கடந்து போனான். வெளியே வந்தபோது நடைபாதையில் பார்வையற்ற இரண்டு பேர் கோலைத் தட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி சிரித்துப் பேசிப் போனார்கள். பார்வையற்றோர் சங்கம் இருக்கிற அந்த வட்டாரத்தில் அது தினமும் காண்கிற காட்சி. கன்னையா மட்டும் கல்லாகி நின்றுவிட்டான்.

"என்னங்க, கண்ணு சரியா தெரியலையா?" என்று அவள் கேட்டாள்.

"கரும்புள்ளி மாதிரி ஏதோ மிதக்குது. வெயில்ல நல்லாத்தான் தெரியுது. இருட்டுக்குள்ள போனாத்தான் கொஞ்சம் மசமசன்னு இருக்கு."

"கப்பலுக்குள்ள இருட்டுதானே?"

"ஏய், இத்தனை வருசமா ஏத்துறேன். கண்ணை மூடிட்டுக்கூட ஏத்துவேன். நீ வெளிய யாருகிட்டயும் உளறி வைக்காத."

அவள் உளறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினாள், சண்டை போட்டாள். அடுத்த கப்பல் முடியட்டும் என்றான். அந்தக் கப்பல் முடிந்தால் இன்னொன்று வந்து நின்றது. யார்டிலிருந்து அவன் ஏற்ற வேண்டிய இயந்திரம் புறப்படும்போதெல்லாம் அவள் வேலையை விட்டுவிட்டு கேட்வரை அதன் பின்னாலேயே போவாள். சாயங்காலம் அவன் முகத்தைப் பார்த்த பிறகே மூச்சு வரும்.

நியூசிலாந்துக் கப்பல் வந்த நாளில் மழை பெய்து ஓய்ந்து வெயில் அடித்தது. வழியில் சேறு ஒட்டியிருந்தால் துடைப்பதற்காகத் தாமரையைக் கரைக்கே அழைத்துப் போயிருந்தார்கள். கன்னையா பெரிய எக்ஸ்கவேட்டர் ஒன்றை வெயிலிலிருந்து கப்பலின் வாய்க்குள் ஓட்டிக்கொண்டிருந்தான். முன்னால் பின்னோக்கி நடந்தபடி கைச்சைகை காட்டி வழிநடத்தியவன் தனேஷ். போன மாதம்தான் அப்பாவானவன்; ஓய்வு நேரத்தில் போனில் குழந்தை படத்தை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருப்பான். உள்ளே நின்ற இயந்திரம் நகராதபடி சங்கிலி பூட்டி முடியவில்லை. தனேஷ் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காகப் பிடித்தான். நிறுத்து என்று அர்த்தம். சாய்தளத்தின் அடியில் நின்ற தாமரைக்கே அது தெரிந்தது.

இயந்திரம் நிற்கவில்லை.

அவன் கத்தினான். கைகளை ஆட்டினான். இரும்புப் பட்டை அவனை நோக்கி உருண்டது. கடைசி நொடியில் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தான். எக்ஸ்கவேட்டரின் கை கப்பலின் தூணில் மோதிய சத்தம் கரைவரை அதிர்ந்தது. அப்புறம்தான் எஞ்சின் நின்றது. தாமரை கையிலிருந்த துணியோடு ஓடினாள். தனேஷின் முழங்கை தோலுரிந்து ரத்தம் வழிந்தது. அவன் எழுந்திருக்காமல் தரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

ஏற்றுமதியை மேற்பார்க்கும் சுகுமாறன் ஓடி வந்தான். கன்னையா இறங்கி வந்து ஒரே சொல்லாகச் சொன்னான்: "அவன் கை காட்டவே இல்லை."

"அண்ணே! காட்டுனேன்ணே. ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுனேன்," என்றான் தனேஷ்.

கன்னையா கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். அத்தனை ஆண்டு அனுபவசாலியின் பேச்சுக்கு எதிரே தனேஷின் பேச்சு எடுபடவில்லை. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அவனை அனுப்பிவிட்டார்கள். தலையைக் குனிந்து அவன் கேட்டைத் தாண்டிப் போனதைத் தாமரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் சொன்னாள், "அவன் கை காட்டுனான். நான் பாத்தேன்."

"நீ கீழ நின்ன. உனக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியலைங்க. அதைச் சொல்லிடுங்க. பச்சப் புள்ளைக்காரன், பாவம்."

"சொல்லிட்டு? பிரிக்பீல்ட்ஸ்ல கோலைத் தட்டிட்டு நடக்கவா? அதுக்கு இந்தக் கடல்லயே விழுந்துடலாம்."

அவன் குரல் உடைந்திருந்தது. அவளுக்கு அவன் மேல் கோபமும் வந்தது, அவனைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. காலையில் மனம் மாறி அவனே சொல்லிவிடுவான் என்று நம்பினாள். காலையில் அவன் வழக்கம்போல ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, மிச்ச இயந்திரங்களை ஏற்றக் கிளம்பினான்.

தாமரை யார்டுக்குப் போகவில்லை. நேரே சுகுமாறன் இருந்த அறைக்குப் போனாள்.

"அண்ணே, இன்னைக்கு அவரை மெஷின்ல ஏத்தாதீங்க. அவருக்குக் கண்ணு தெரியலை. ரொம்ப நாளாவே தெரியலை. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லாம இருந்துட்டேன்."

சுகுமாறன் அன்றைய பட்டியலை எடுத்துக் கன்னையாவின் பெயரை அடித்தான். பிறகு, "நீங்க சொன்னதா நான் சொல்ல மாட்டேன் அக்கா," என்றான்.

"வேற யாரு சொல்லியிருப்பான்னு அவரு நினைப்பாரு? நானே சொல்லிக்கிறேன்."

அன்று கன்னையா சாய்தளத்தின் அடிவரை போய்த் திரும்பினான். எல்லோர் எதிரிலும் அவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். வீட்டில் அவள் அவன் முன்னால் நின்று, "நான்தான் சொன்னேன்," என்றாள். அவன் அடிக்கவில்லை, ஏசவில்லை. "நீயா?" என்று மட்டும் கேட்டான். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

ஆஸ்பத்திரியில் கண்ணின் உட்புறம் ரத்தம் கசிந்திருப்பதாகச் சொன்னார்கள். லேசர் வைத்தார்கள். ஒரு கண்ணில் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், மற்றதைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். துறைமுகத்தில் சங்கிலிகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோரில் ஒரு வேலை கொடுக்க முன்வந்தார்கள். அவன் வேண்டாம் என்றான். ஹாலில் நாற்காலியைப் போட்டு, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோறு போட்டால் சாப்பிட்டான். கேட்டதற்குத் தலையை ஆட்டினான்.

தனேஷைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். தாமரைக்குக் கப்பல் வேலை இருந்த ஒரு நாள் அவன்தான் கன்னையாவைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். வழியில் என்ன பேசினார்கள் என்று அவள் கேட்டாள்.

"ஒன்னும் பேசலை அக்கா. இறங்குறப்ப என் முழங்கையைத் தொட்டுப் பாத்தாரு. அப்புறம் உள்ள போயிட்டாரு."

யார்டில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. புஷ்பவல்லி மட்டும் பழைய கேலியை விட்டுவிட்டாள். நீ செய்தது சரி என்று சிலர் சொன்னார்கள். அந்தச் சொல்லால் அவளுக்கு ஆறுதல் வரவில்லை. முன்னாலேயே சொல்லியிருந்தால் தனேஷ் விழுந்திருக்க மாட்டான். சொல்லாமலே இருந்திருந்தால் வீட்டில் ஒரு குரல் இருந்திருக்கும். சக்கரத்து இடுக்கில் மண்ணைச் சுரண்டும்போதெல்லாம் மனம் இந்த இரண்டுக்கும் நடுவில் போய்வந்தது.

போன வாரம் ஒரு கப்பல் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது டிவி அணைந்திருந்தது. கன்னையா அவள் காலடிச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"பெரிய மெஷின் ஏத்துனாங்களா?"

பல மாதங்களுக்குப் பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி. 

"ஏத்துனாங்க. பெரிய புல்டோசரு."

"யாரு ஓட்டுனா?"

"பழனியப்பன்."

"எங்கயும் இடிக்காம ஏத்துனானா?"

"இடிக்கலைங்க. மெதுவா ஏத்துனான்."

கன்னையா தலையசைத்தான். இன்னும் ஏதோ கேட்க வந்தவன்போல உதடு அசைந்தது. பிறகு கையால் சுவரைத் தடவிக்கொண்டு எழுந்து, உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். தாமரை குளிக்கப் போகாமல், மண் காய்ந்த உடுப்போடு அவனுடைய நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.