வரிசையில் நின்ற குரல்

சிம்மக்கல்லில் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் செல்வக்குமாரின் இன்டர்நெட் ஆபீஸ். பரவை வரைக்கும் வீடுகளுக்கு அங்கிருந்துதான் லைன் போகிறது. அந்த வீடுகளின் பேச்சும் படமும் கடந்துபோகும் யூனிக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் முபீனா. அதன் விசிறி இரைச்சலில் உட்கார்ந்திருந்தால், ஊரே தன் காதோரமாக நடந்துபோவது போல அவளுக்குத் தோன்றும்.

எதையும் தூக்கிப்போட மனம் வராதவள். லைனில் நெரிசல் வந்தால் சர்வர் சில துண்டுத் தகவல்களை உதறிவிடும். யாரோ யாருக்கோ சொல்ல வந்ததாயிற்றே என்று, அவை காத்து நிற்கும் வரிசையை அவள் மிக நீளமாக்கி வைத்தாள். அதன்பின் எதுவும் தொலையவில்லை.

குவைத்திலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடும் கணவன் மின்ஹாஜ்தான் மாறிப்போனான். அவள் சிரித்து ஓய்ந்த பிறகே திரையில் அவன் சிரித்தான். குளத்துக்கு அடியில் இருப்பவனோடு பேசுவது போலிருந்தது. அதுவும் ஒரு சுகமாகத்தான் இருந்தது, போன வெள்ளி வரைக்கும்.

"வேலைய விட்டுட்டு ஊரோட வந்துரவா, முபீ?" என்று அன்று கேட்டான்.

"வாங்க," என்றாள், கேட்ட உடனே. திரையில் அவன் முகம் காத்திருந்தது. காத்திருந்து வாடியது. அவள் சொல் போய்ச் சேர்ந்தபோது, "இம்புட்டு யோசிச்சா சொல்லுவ?" என்று போனை வைத்துவிட்டான். பிறகு அவள் அனுப்பிய செய்திகளையும் நம்பவில்லை. மனசில்லாமல் எழுதுகிறாள் என்றே நினைத்தான். அடுத்த வெள்ளி பேசியபின் அவன் தன் கம்பெனிக்குப் பதில் சொல்லவேண்டும்.

அந்த வெள்ளி மத்தியானம் பரவையில் லைன் வாங்கியிருந்த சீனியம்மாள் ஆபீசுக்குப் போன் செய்தாள். "ஏத்தா, எம்மகட்ட ஒண்ணு கேட்டா, பதில் வாரதுக்குள்ள என்ன கேட்டேன்னு எனக்கே மறந்துபோகுது! சாயங்காலம் பூரா இந்தக் கூத்துதான்."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த செல்வக்குமார் சிரித்தார். "ஒரு துண்டுகூட வழியில விழலன்னு பெருமையாச் சொன்னியே தங்கச்சி?"

முபீனா சர்வரின் திரையைப் பார்த்தாள். விழவில்லைதான். எல்லாம் நின்றுகொண்டிருந்தன. யாரையும் விட்டுவிடக் கூடாதென்று அவள் போட்ட வரிசையில், ஊரார் சொற்களோடு அவளுடைய 'வாங்க'வும் போன வாரம் நின்றிருக்கிறது.

"வரிசையக் குறைக்கவாண்ணே? கொஞ்சம் விழுகும்."

"விழட்டும்த்தா. பேச்சு பேச்சா இருக்கணும்ல."

குறைத்தாள். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் யாருடைய கையையோ உதறுவது போலிருந்தது.

சாயங்காலம் மின்ஹாஜ் கூப்பிட்டான். ஊரே போனில் இருந்த நேரம். அவன் கன்னம் கட்டம் கட்டமாகச் சிதறிச் சேர்ந்தது.

"முபீ, கடைசியா கேக்குறேன். நான் ஊருக்கு..."

"வாங்க. வந்துருங்க."

அவன் முகம் அப்போதே மலர்ந்தது. "கேட்டு முடிக்க விட மாட்டியா புள்ள?"

இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அவன் அடுத்துச் சொன்னதில் ஒரு சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. முபீனா அதைத் தேடவில்லை.