குப்பை என்று நான் அள்ளியவை

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, டெக்சஸில் நாங்கள் வசிக்கும் ரவுண்ட் ராக்கை விட்டுக் கிளம்பினோம். விடுமுறைக்கு மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள், நாங்கள் இடுகாட்டுக்கு. நாற்பத்தொரு மைல். வழியில் டெய்லர் என்ற ஊரில் நிறுத்தி, பழக்கூழ் வைத்த கொலாச்சி பன் இரண்டு, காபி இரண்டு வாங்கினோம். பதினொரு டாலர். இடுகாட்டைச் சுத்தம் செய்யப் போகிறவன் இனிப்பு பன் தின்னலாமா என்று என் மனைவி கல்பனா கேட்டாள். தின்றுகொண்டே யோசிப்பதாகச் சொன்னேன்.

அழைத்தவர் லொரெட்டா. எங்கள் மகளை ஆறு வருடம் பள்ளிக்கு ஏற்றிப்போன பஸ் டிரைவர். இப்போது ரிட்டயர்டு. பருத்திக் காடுகளில் அடிமைகளாக உழைத்துச் செத்த அவருடைய முன்னோர்களைப் புதைத்த இடம் அது. சுற்றிலும் கோவில்பட்டிப் பக்கம் மாதிரியே கரிசல். அடுத்த நிலத்தில் வீடுகள் வரப்போகின்றன. அன்று மதியம் இரண்டு மணிக்கு சர்வேயர் வந்து எல்லை குறிப்பார். எதுவரை கல்லறை என்று காட்ட முடிகிறதோ அதுவரைதான் இடுகாடு, மிச்சம் மனையாகிவிடும். லொரெட்டாவின் பாட்டிக்குப் பாட்டி ஹானா, கிழக்கு வேலியோரக் கடைசி வரிசையில் இருக்கிறார்.

7:50. லொரெட்டாவின் உறவினர்கள் பத்துப் பேர் மேற்குப் பக்கம் முள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கிழக்கு வரிசையில் புல்லை மட்டும் வெட்டச் சொல்லி எங்களை விட்டார்கள். ஊரில் கோயில் உழவாரப் பணிக்குப் போய்ப் பழகியவன் நான். ஒரு துடைப்பமும் கருப்புப் பையும் கையில் கிடைத்தால் எனக்குச் சாமி வந்துவிடும். விரிசல்விட்ட கோப்பை, தட்டுச் சில்லு, கிளிஞ்சல், நீலப் பாட்டில். எவன் இங்கே பிக்னிக் வந்தானோ என்று திட்டிக்கொண்டே மூன்று பைகள் நிரப்பினேன். அடிக்கு ஒரு செல்ஃபி வேறு. வாட்ஸப் குழுவில் போட வேண்டுமே.

10:15. லொரெட்டா தண்ணீர் கொண்டுவந்தார். தரையைப் பார்த்தார். பைகளைப் பார்த்தார்.

"இங்க இருந்த கப்பெல்லாம் எங்க?"

"க்ளீன் பண்ணிட்டேன், மிஸ் லொரெட்டா," என்றேன் பெருமையாக.

அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். அடிமைக்குக் கல் நட யார் விட்டார்கள்? செத்தவர் கடைசியாகக் குடித்த கோப்பையை உடைத்து மண்மேல் வைப்பார்களாம். சாவு அதோடு நிற்கட்டும், வீட்டில் இன்னொருவரைத் தொடர வேண்டாம் என்று. அந்த உடைசலும் கிளிஞ்சலும்தான் அடையாளம். நான் பை பையாகக் கல்லறைகளைக் கட்டி வைத்திருந்தேன்.

கல்பனா தமிழில் ஆரம்பித்தாள். "உங்கப்பாவுக்குக் கொள்ளிக்குடம் ஒடச்சீங்களே, அதையும் பிக்னிக் குப்பைன்னு யாராவது பெருக்கினாங்களா?"

நான் முதல் பையின் முடிச்சை அவிழ்த்தேன்.

"ஃபோனைக் குடுங்க. வந்ததுலேர்ந்து மூஞ்சிய மூஞ்சிய ஃபோட்டோ புடிச்சிட்டிருந்தீங்கல்ல?"

அறுபத்திரண்டு செல்ஃபிகள். முன்னால் என் வழுக்கை, பின்னால் நான் கைவைப்பதற்கு முந்தைய கல்லறை வரிசை. கல்பனா என் முகத்தை விரலால் ஓரந்தள்ளிப் பெரிதாக்கினாள். லொரெட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"உங்க தலை ஹானாவ மறைக்குது," என்றார்.

அடுத்த படத்தில் மறைக்கவில்லை. வேலிக் கம்பங்களைக் கணக்கு வைத்து, கரிசலில் கோப்பை அழுந்திக் கிடந்த பள்ளத்தைத் தேடித் தேடி, மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். ஹானாவுடையது கைப்பிடி இல்லாத வெள்ளைக் கோப்பை. அதை லொரெட்டா என்னிடம் தரவில்லை, தானே வைத்தார்.

12:30. கடைசிப் படத்தில் அவர் விரல் நின்றது. "வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையா அது என்ன?"

தொப்பை தெரியாமலிருக்க ஃபோனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தேன். அந்த உயரத்தில் வேலிக்கு அப்பால் இருப்பதும் படத்தில் விழுந்திருந்தது. ஓடிப்போய்ப் புல்லை விலக்கினோம். கிளிஞ்சல் பதித்த நான்கு மேடுகள். குடும்பத்தில் யாருக்கும் தெரியாதவை. லொரெட்டா ஒவ்வொன்றின் அருகிலும் நின்று, மதியமாகியும், பஸ் ஏறும் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல "குட் மார்னிங்" என்றார்.

2:05. சர்வேயர் வந்தார். சிரிக்காத, நெட்டையான மனிதர். தோண்டி மூடிய மண்தானா என்று இரும்புக் கம்பியை ஒவ்வொரு இடத்திலும் இறக்கிப் பார்த்தார். என் செல்ஃபிகளையும் பார்த்தார், பாவம். கடைசியில் வேலிக்கு வெளியே முப்பது அடி நடந்துபோய் நின்றார்.

"கோடு இங்கதான் வரணும்."

லொரெட்டா சுத்தியலைக் கேட்டு வாங்கினார். எல்லை முளையைத் தானே அடித்தார். ஏழு முறை. பத்துப் பேரும் உரக்க எண்ணினார்கள், நான் தமிழில் எண்ணினேன்.

வேலிக்கு வெளியே மர நிழலில் என் காரை விட்டிருந்தேன். புது எல்லைக் கயிறு அதற்கும் அப்பால் போனது. சர்வேயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், லொரெட்டா முந்திக்கொண்டார்.

"மிஸ்டர், எங்க குடும்பத்து நிலத்துல கார நிறுத்தியிருக்கீங்க. எடுங்க."

இத்தனை வருடம் பஸ் ஓட்டிய குரல். ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டேன். அவர் கயிற்றோரம் நின்று இரண்டு கைகளாலும் காட்டினார்: இன்னும், இன்னும், இன்னும்.