நான் கழுவி வைத்த எலிக்கூடு

கொட்டாஞ்சேனையில் எங்கள் வளவெல்லாம் பெருச்சாளி வளைதான். எலிக்காய்ச்சல் ஆராய்ச்சிக்கென்று கம்பஸில் படிக்கிற பிள்ளை ஒருத்தி வந்து, கருவாடு குத்திக் கூடு வைத்து, கடதாசி ஒன்றும் தந்தாள். வாசித்தவள் போலத் தலையாட்டினேன்.

நாலு நாளாக ஒன்றும் விழவில்லை. "படிச்சும் எலி பிடிக்கத் தெரியேல்லையே, பிள்ளை?" என்றேன் எரிச்சலோடு.

"நாளைக்கும் விழாட்டி இந்த இடத்தை விடச் சொல்லி கம்பஸில சொல்லிட்டினம், அம்மா." கூட்டை முகர்ந்தாள். "சவர்க்காரம் மணக்குதே?"

"பின்னை? கருவாட்டு நாத்தத்தோட என்ர முற்றத்தில வைக்கிறதோ? ஒவ்வொரு நாளும் கழுவிறனான்."

சவர்க்கார மணத்துக்கு எலி கிட்ட வராதாம்; கழுவக்கூடாதென்று கடதாசியில் இருந்ததாம். ஏன் வாசிக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. "என்ர கையெழுத்து எனக்கே விளங்காது, அம்மா. இனி வாயால சொல்லுறன்" என்றாள்.

மறுநாள் இரண்டு விழுந்தன.

அவள் தந்தது அச்சடித்த கடதாசி. அந்த வித்தியாசம் எனக்கும் தெரியும்.